கடைசிக் காட்சி முதலில்

கையெழுத்தை முதலிலேயே போட்டுவிட்டேன், இன்ஸ்பெக்டர் சேர். வாக்குமூலத்தை நீங்கள் ஆறுதலாக அதற்கு மேலே எழுதிக்கொள்ளலாம். எதையும் முடிவிலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம்.

முந்தல் ஊரில் நான் போட்ட முதல் மேடை நாடகத்தில், கடைசிக் காட்சிக்கு முன்பே கதாநாயகன் கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டான். அவனுடைய மீசையை ஒட்டிக்கொண்டு அவனுக்குப் பதிலாக நானே செத்தேன். அன்று பட்ட பாடு போதும் என்று, தொலைக்காட்சிக்கு வந்த பிறகு எந்தத் தொடரானாலும் முடிவைத்தான் முதல் நாள் எடுப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் என்னுடைய தொடர் ஒன்றுகூடப் பாதியில் நிற்கவில்லை.

யுத்தம் முடிந்து நாலாம் வருஷம் எடுத்த இந்தத் தொடரின் முடிவு, கடலில் மூழ்கிய மீனவனின் ஜனாஸா, இறுதி ஊர்வலம். மையத்தைச் சுமக்கும் பள்ளிவாசல் சந்தூக்குப் பெட்டியை நாடகத்துக்குத் தரமாட்டார்கள், நியாயம்தான். மதுரங்குளித் தச்சரிடம் ஒன்று செய்வித்து, கதாநாயகன் உசனாரை அதில் கிடத்தினேன். கண்டக்குழி ஊரே கூடி அழுதது. கூலி கொடுத்து வாங்க முடியாத அழுகை. இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

உசனார் தங்கமான மனுஷன். அவருடைய மனைவி ஸுல்பிகா அந்தக் காட்சியைப் பார்த்ததுதான் தொல்லையாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து உசனார் வந்து நின்றார்.

"முத்தலிபு நானா, பொஞ்சாதி ரெண்டு நாளா சோறு தின்னல்ல. அந்த மனுசன் உசுரோட கரைக்கு வந்த மாதிரி முடிங்க. இல்லாட்டி நான் நடிக்க வரல்ல."

"ஓம், பாப்பம்" என்றேன்.

பார்த்தேன். முடிவை மாற்றினால் அவ்வளவு அழுகையும் குப்பைக்குப் போகும். ஓர் ஊரின் கண்ணீரை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. உசனார் உப்பளத்தில் வளர்ந்தவர், நீச்சல் தெரியாது. மற்றதெல்லாம் எடுத்து முடித்து, மூழ்கும் காட்சி மட்டும் பாக்கியிருந்தபோது, கரைசேரும் காட்சி என்று சொல்லித்தான் வள்ளத்தில் ஏற்றினேன், சந்தோஷமாக ஏறினார். வள்ளத்தின் அடியில் தண்ணீர் வடியவிடும் துளை ஒன்று இருக்கும். அதன் அடைப்பைக் கழற்றிவிட்டு, காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய பாண் ரொட்டியைத் திணித்திருந்தேன். பாண் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதல் நாளே வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தாயிற்று. ஒத்திகை இல்லாமல் நான் எதையும் செய்வதில்லை.

காவல் வள்ளத்துக்காரர்களையும் கமராக்காரரையும் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, கமராவுக்குப் பின்னால் நானே நின்றேன். ஒரே தடவையில் சரியாக வந்தது.

அசல் ஜனாஸாவிலும் அதே ஊர்தான் அழுதது. முதல் அழுகைதான் நன்றாக இருந்தது.

வெட்டாத பதிவை ஸுல்பிகா எப்படியோ எடுத்து உங்களிடம் தந்துவிட்டார். அதில் உசனார் கூப்பிடுவது கேட்கிறதா என்கிறீர்கள். ஓம், கேட்கும். ஏழு தடவை, "முத்தலிபு நானா" என்று. கதையில் அந்தப் பெயரில் யாரும் இல்லையே, சேர். அதனால்தான் அந்தக் குரலை எடுத்துவிட்டு, கடல் இரைச்சலைப் போட்டேன்.