உறையில் வரைந்த சூரியன்

மாத்திரை கொடுப்பது சுலபம், விழுங்க வைப்பதுதான் வேலை. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்தகத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவன் சொல்கிறேன். சிலர் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். சிலர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி நின்று வெற்றிலைப் பைக்குள் துப்பிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாக்கின் அடிதான் பெட்டகம். ஆகவே நான் யாரையும் அப்படியே அனுப்பியதில்லை. வாயைத் திறக்கச் சொல்வேன், நாக்கைத் தூக்கச் சொல்வேன், குனிந்து பார்ப்பேன். தோட்டத்தில் எனக்கு நாக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். நான் டாக்டர் இல்லை, மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். இருந்தாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் மரண விசாரணை அதிகாரி. பாக்கியலெட்சுமி எப்படி இறந்தாள் என்று கேட்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் மேசையில் இருக்கும் அந்த ஜாம் போத்தலைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது கடைசியில் வர வேண்டிய விஷயம்.

இதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி என் மனைவி நிரஞ்சலா. மற்றவள் மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்த பாக்கியலெட்சுமி, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். நிரஞ்சலாவும் அதே லயத்தில் பிறந்தவள்தான், என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தாள். சிறுவயதிலிருந்தே பாக்கியலெட்சுமியை அவள் பாக்கியக்கா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் சீனி வியாதி. இரண்டு பேருக்கும் ஒரு தடவை மாரடைப்பு வந்து, இதயம் பாதிப் பலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பதுளையில் பார்த்த மருத்துவர் இரண்டு பேருக்கும் ஒரே புதிய மாத்திரையைத்தான் எழுதினார். மஞ்சள் நிறம், வட்டமானது. கிளினிக்கில் கிடைக்காது, வெளியே வாங்க வேண்டும்.

பாக்கியலெட்சுமிக்கு மகன் இருந்தான், புவனேந்திரன், கட்டாரில் வேலை. அவன் அங்கிருந்தே பதுளை மருந்துக்கடை ஒன்றுக்குப் பணம் கட்டினான். மாதம் ஒரு தடவை மருந்தகத்துச் சாமான் எடுக்கப் பதுளை போகிற நானே அதையும் வாங்கி வருவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த மாத்திரை என் சம்பளத்துக்கு எட்டாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருத்தி தினமும் அதை விழுங்குவாள், என் நிரஞ்சலா மூச்சுவாங்கிக்கொண்டு படியேறுவாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீனியைக் குறைக்கிற மாத்திரைகள் எல்லாம் ஒன்றுதான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். யாரைக் கண்டாலும் அவர்கள் கேட்பது, சீனி எத்தனை என்பது மட்டும்தான். ஆனால் அந்த மஞ்சள் மாத்திரை சீனியைக் குறைப்பதோடு நிற்காது, தேவையில்லாத நீரை வெளியேற்றி இதயத்தின் பாரத்தையும் இறக்கி வைக்கும். இன்னொரு வகை இருக்கிறது, பழையது, வெள்ளை. அதுவும் சீனியை நன்றாகக் குறைக்கும். பலவீனமான இதயம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது, உடம்பில் நீரைத் தேக்கிவிடும். இது புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன்.

முதல் மாதம் மஞ்சள் மாத்திரையை ஒழுங்காகப் பாக்கியலெட்சுமியிடமே கொடுத்தேன். அவள் அதை லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். ஒருநாள் விரதம் என்று சொல்லி விழுங்காமல் விட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது. இப்படிப்பட்டவளிடம் போய் அது வீணாகத்தான் போகும், பாதியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பாள், மீதியை மறப்பாள் என்று தோன்றியது. இரண்டாம் மாதம் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பண்டாரவளை வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மஞ்சளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெறும் உறையில் எதையாவது போட்டுக் கொடுத்தால் அவளுக்குச் சீனி ஏறும், கிளினிக்கில் கேள்வி வரும். சீனி ஏறாமல் இருக்க ஒரு மருந்து தேவைப்பட்டது. வெள்ளை மாத்திரை மருந்தக அலமாரியில் இருந்தது.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு உறையில் படம் வரைந்து கொடுப்பது என் வழக்கம். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. பாக்கியலெட்சுமியின் உறையில் நல்ல வட்டமாக ஒரு சூரியன் வரைந்தேன். அவள் உறையைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஐயா, போன மாசம் மஞ்சளா இருந்துச்சுங்களே, இது வெள்ளையா இருக்கு."

"மருந்து அதேதான். கம்பெனி வேற."

"ஐயா சொன்னா சரிங்க" என்றாள். ஒன்றை எடுத்து என் முன்னாலேயே விழுங்கினாள். நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

ஆறு வாரத்தில் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு நுழையவில்லை. பிறகு முகம் உப்பியது. லயத்தில் யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. கட்டார் காசு உடம்பில் தெரிகிறது என்று கேலி பேசினார்கள், அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். விரலில் குத்திச் சீனி பார்த்தால் எண் அழகாக இருந்தது. மூன்றாம் மாதம் அவளால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். பதுளைக்குப் போய்க் காட்டட்டுமா என்று கேட்டாள். சீனிதான் சரியாக இருக்கிறதே, எதற்கு அலைச்சல், உப்பைக் குறை, காலை உயரத்தில் வை என்றேன்.

நான் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதை நானும் யோசித்தேன். ஆனால் பதுளைக்குப் போனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்பார்கள், உறையை நீட்டுவாள். ஆகவே போக வேண்டாம் என்றேன். வெள்ளையை நிறுத்தினால் சீனி ஏறும், ஏறினால் அவளே கிளம்பிவிடுவாள். ஆகவே நிறுத்தவில்லை. ஒவ்வொரு படியிலும் நியாயம் இருந்தது.

அதோடு, என் வீட்டில் பலன் கண்ணெதிரே தெரிந்தது. தினமும் காலையில் நிரஞ்சலாவுக்கு மாத்திரையை நானே உள்ளங்கையில் வைப்பேன், தண்ணீரை நீட்டுவேன், தொண்டை அசைவதைப் பார்ப்பேன். இது எங்கிருந்து வந்தது என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டாள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுத்தது என்றேன். மாத்திரையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் அவள் இளைத்தாள், சீனி இறங்கியது, மூச்சுவாங்கல் குறைந்தது. பாக்கியக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கவும் கால் பிடித்துவிடவும் தினம் ஒருதரம் மேல் லயத்துக்கு ஏறி இறங்கினாள். முன்பெல்லாம் அந்த ஏற்றத்தில் நாலு இடத்தில் உட்காருவாள். மாத்திரை செய்கிற வேலையைப் பாருங்கள் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் உண்மையானது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் மாத முடிவில், ஒரு வியாழக்கிழமை காலை, பாக்கியலெட்சுமி சுவரில் சாய்ந்தபடியே இறந்திருந்தாள். முந்தின நாள் நான் பார்த்தபோது அவளுடைய சீனி நூற்றுப் பதினாறு.

செத்த வீட்டுக்குப் புவனேந்திரன் வந்தான். அழுதான், ஆனால் அழுதுகொண்டே சுற்றிலும் பார்த்தான். அப்படி அழுகிறவர்களை நான் நம்புவதில்லை. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்த உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பதுளை மருந்துக்கடைக்குத்தான் போவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பிற்பகல் வீட்டுக்கு வந்தேன். நிரஞ்சலா குசினியில் அடுப்படி மேசையில் இந்த ஜாம் போத்தலை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். போத்தலுக்குள் மஞ்சள் மாத்திரைகள். சில முழுசாக இருந்தன, பல எச்சிலில் ஊறிக் காய்ந்து நிறம் மங்கியிருந்தன.

"மொத ரெண்டு நாளு முழுங்கிட்டேங்க. மூணாவது நாளுதான் ஞாபகம் வந்துச்சு, பாக்கியக்கா காட்டுன மாத்தர இதுதான்னு. அதுக்கப்புறம் ஒன்னுகூட உள்ள எறங்கல" என்றாள்.

மிச்சத்தையும் அவளே சொன்னாள். நாக்கின் அடியில் ஒதுக்கி, நான் அந்தப் பக்கம் போனதும் வெளியே எடுத்துவிடுவாளாம். அவளிடம் மட்டும் நான் நாக்கைத் தூக்கச் சொன்னதில்லை. சில நாள் வாயில் போடுவதுபோல் காட்டி விரலிடுக்கில் ஒளித்த முழு மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு மேல் லயத்துக்குப் போயிருக்கிறாள். அக்கா, இதைச் சாப்பிடு என்று கெஞ்சியிருக்கிறாள். எதனால் என்று சொல்ல வாய் வரவில்லை. புருஷனைத் திருடன் என்று அந்த லயத்தில் நின்று எப்படிச் சொல்வது? பாக்கியலெட்சுமி ஒவ்வொரு தடவையும் மறுத்துவிட்டாள். அவள் சொன்னதை நிரஞ்சலா அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"ஐயா சூரியன் போட்டுக் குடுத்தத மட்டுந்தான் நான் குடிப்பேன். அவரு பாத்துக்குவாரு, நீ ஏன் புள்ள பயப்படுற?"

வெள்ளை மாத்திரை சும்மா மாத்திரை என்றுதான் நிரஞ்சலா நினைத்திருக்கிறாள். அதுவே ஆளைக் கொல்லும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தே கொடுத்தேன், தெரிந்தே தடுத்தேன். பாக்கியலெட்சுமியைக் கொன்றது நான்தான். இதில் நிரஞ்சலாவுக்குப் பங்கில்லை.

பொலிசுக்குப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் எப்படி இளைத்தாள், எப்படி மூச்சு சீரானது என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஏற்றத்தில் தினமும் நடந்ததால்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் முதல் இரண்டு நாள் மாத்திரை உள்ளே போயிருக்கிறதே, அதுவும் கொஞ்சம் உதவியிருக்கும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். போத்தலில் முழுசாக இருக்கிறவை இன்னும் காலாவதியாகவில்லை. விசாரணை முடிந்ததும் அவற்றை நிரஞ்சலாவிடம் கொடுத்துவிடுங்கள், அவளுடைய இதயத்துக்கு அது வேண்டும். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் நின்று, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.