தீனிதாம்மா, கழிவு இல்ல

காலை ஒன்பதே கால். ஆறு பாட்டில் ஏரித் தண்ணீர். ஷெட்டுக்காரர் பெயர் முனிரத்தினம், மாதனூர் பக்கத்து ஏரியில் மீன் குத்தகைக்காரர். மீன் செத்து மிதந்ததால், தண்ணீரில் இருக்கும் கிருமி எதுவென்று தெரிந்த பிறகே குத்தகையை நீட்டிப்பதாகப் பஞ்சாயத்து சொல்லிவிட்டது. அதைப் பார்க்க வேலூரிலிருந்து வந்த மேகலா, கிருமியின் டிஎன்ஏவைப் படிக்கும் சின்னக் கருவியை லேப்டாப்பில் செருகி, அவர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தாள். பிளக் கொடுத்தவர் பேசினார். அவள் கேட்க வேண்டியிருந்தது.

"...அதாம்மா சொல்றேன், எல்லாம் இந்தத் தோல் பதனிடுற ஷாப்புதான்! மீன் செத்தா தோல் ஷாப்பு, மோட்டார் எரிஞ்சா தோல் ஷாப்பு, எங்கக்கா பையனுக்குப் பொண்ணு அமையாததுக்கும் தோல் ஷாப்பு. இன்னா சிரிக்கிற? தண்ணி நாறுற ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?

இதான் மெஷினா? நான் வேன்ல வரும்னு பெரிய கேட்டையே தொறந்து வெச்சேன்... ஸ்டேப்ளராட்டம் கீது! எங்க வீட்டுக்காரி சோபனா, ஷூ கம்பெனியில, இதவிடப் பெரிய மெஷின்ல லேசுக்கு ஓட்ட போட்றா. கரண்டு ஜாஸ்தி இழுக்குமா? இல்ல, சும்மா கேட்டேன்.

கழிவா? போன வாரமும் கேட்ட, இன்னிக்கும் கேக்கிற. இங்க ஒருத்தன் கழிவு கொட்டிட முடியுமா? போன வருசம் கரைக்க வந்த புள்ளையாரையே வேற ஏரிக்கு அனுப்பிவெச்சவன்மா நானு!

இன்னா, வந்துடுச்சா? படி, படி. லிஸ்ட்ல தோல் ஷாப்பு எத்தினியாவதா கீது?... கோழியா? கோழி வயித்துல இருக்கிற கிருமியா? அதுவும் ஜாஸ்தியா? மெஷினு பேஜாரா கீதும்மா, ஆஃப் பண்ணிப் போடு. அதுவும் தோல் ஷாப்புலேர்ந்துதான்... இன்னாது? கோழித்தோல்ல எவன் ஷூ தைக்கிறான்னா? நல்லா கேக்கிற போ.

ஏரியில கோழிக்கு இன்னா வேல... யம்மா! அத சொல்றியா? அது தீனிம்மா! தீனியப் போயி கழிவுன்னா எப்டி? ஆம்பூர்ல நம்ம தோஸ்து ஷோயப் கோழிக்கட வெச்சிகீறான். கொடலு, தல, எல்லாம் ட்ரம்முல வரும். ஞாயித்துக்கெழம ஜாஸ்தி, மத்த நாள் கம்மி. கொட்னா போதும், கெளுத்தி வாயப் பொளந்துனு வரும் பாரு! போன வாரம் நீயே வறுவல் சாப்ட்டு சூப்பர்னியே? அந்த ருசி இன்னா சும்மா வந்துச்சா?

செத்த மீனா?... தீனி ஜாஸ்தியாயிடுச்சோ இன்னாவோ. கல்யாண வீட்ல ஜாஸ்தி துன்னா மனுசனே தாங்கறதில்ல, மீன் எப்டி தாங்கும்? எழுதாதம்மா. ஏன்மா, குத்தகை போய்டும்மா! சரி, எழுதினா தீனின்னு எழுது. கோழின்னு போடாத, பறவைன்னு போடு. கொக்கும் பறவதான? பஞ்சாயத்துல கொக்கப் புடிச்சிக் கேக்கட்டுமே!

இந்தா, ஒயர ஏன் சுத்துற? டீ சொல்லிகீறேன். ரெண்டே நிமிசம், நானே போய் வாங்கியாறேன், குந்து... சக்கர கம்மியா, ஜாஸ்தியா?"

அவர் இரண்டு டம்ளரோடு திரும்பியபோது, மேகலாவின் ஸ்கூட்டி ஏரிக்கரையைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

மேகலாவின் அறிக்கை வந்த பின், 2025 ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஏரியின் மீன் குத்தகை வேறொருவருக்குப் போனது. ஏரியில் கோழிக் கழிவு கொட்டத் தடை வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் முனிரத்தினம்.