கூப்பிடாப் பாறை

ரோடு வர்றதுக்கெல்லாம் எவ்வளவோ முந்தி, இதே காரைப்பட்டியில தீர்த்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வகையறாவுக்கே மூத்தவ. செவந்தி, நீ கீழ்நாட்டுலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ, நல்லாக் கேட்டுக்க.

நம்ம மலை ஏறுறவரைக்கும்தான் மலை. ஏறிட்டா நெல்லடிக்கிற களமாட்டம் ஒரே சமம், எங்க பாத்தாலும் புல்லு. கிழக்கால போனா மொட்டையா அறுந்து போகும். கீழ பாதாளம், எதிர்த்தாப்புல செங்குத்தா இன்னொரு மலை. மஞ்சு, அதான் உங்க ஊருல மூடுபனிம்பீங்களே, அது இறங்கிட்டா விளிம்பு எதுன்னு தெரியாது. அதனால பொம்பளைங்க அவங்கவங்க வாசல்ல நின்னு குரல் குடுப்பாங்களாம். மாடு மேய்க்கப் போனவங்க அந்தக் குரலைப் புடிச்சுக்கிட்டே வூடு சேருவாங்க.

ஒரு நா தீர்த்தாயி புருசன் வேடியன் மாட்டோட போயிருக்கான். மஞ்சு கவிஞ்சுக்கிச்சு. வாசல்ல நின்னு கூப்பிட்டா, பதிலில்ல. அவளோ நெற மாசக்காரி, மனசு கேக்குமா? "வாசலை விட்டு நகராத தாயி"ன்னு பெரியவங்க சொல்லச் சொல்ல, நாம உக்காந்திருக்கிற இந்தப் பாறை மேல ஏறிட்டா.

"மாமோய்... வா மாமோய்..."

"வந்துட்டேன் புள்ள"ன்னு அவன் குரல் கேட்டுச்சாம். அவளுக்குப் போன உசுரு திரும்புச்சு. மறுபடியும் கூப்பிட்டா. "வந்துட்டேன் புள்ள." ஆனா குரல் சன்னமா இருந்துச்சு. மஞ்சுதான் அமுக்குதுன்னு நெனச்சு இன்னும் ஓங்கிக் கூப்பிட்டா. "வந்துட்டேன்..." அது இன்னும் சன்னம். பாவி மக, தொண்டை கிழியக் கூப்பிட்டா. அப்புறம் பதிலே இல்லையாம்.

மஞ்சு கலைஞ்சதும் ஓடிப் பாத்தா, மாடெல்லாம் சும்மா மேஞ்சுக்கிட்டு நிக்குது. விளிம்புல அவன் கம்பளி கெடக்குது. "மாமோய்"னு அலறுனா. எதிர் மலை அதே குரல்ல "மாமோய்"னு கூப்பிட்டுச்சாம். அப்பதான் அவளுக்கு விளங்குச்சு. பாறை மேலேர்ந்து போட்ட சத்தம் விளிம்புக்கிட்ட கொஞ்சம் தாழ்ந்த எடத்துல நின்ன அவன் தலைக்கு மேல போயி, அந்த மலையில மோதித் திரும்பியிருக்கு. அவன் அந்தப் பக்கமிருந்து வந்த பொண்டாட்டி குரலை நம்பி, விளிம்பைப் பாத்து நடந்திருக்கான்.

"நானே கூப்பிட்டுக் கொன்னுட்டேனே"ன்னாளாம். அதான் அவ கடைசிப் பேச்சும்பாங்க. புள்ள பொறந்துச்சு, வளந்துச்சு. அதைக்கூட அவ பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. மஞ்சு இறங்குனா முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு இந்தப் பாறையடியில கெடப்பாளாம். சாகுறவரைக்கும் அப்பிடியே. அவளுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

அதுலேர்ந்துதான் இது கூப்பிடாப் பாறை. மஞ்சு வந்துட்டா இங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கைப்புள்ள அழுதாக்கூட மாரோட அணைச்சுக்குவாங்க. வெளிய போனவங்க போன எடத்துலயே உக்காந்துக்கணும். அவங்க நெனப்போட நாமளும் உக்காந்திருப்போம், அவ்வளவுதான்.

அதோ, கிழக்கால இறங்குது பாரு. உன் புருசன் காட்டுலதான் இருக்கான், தெரியும். கூப்பிடாத தாயி. வந்து எங்கூட உக்காரு.