பம்ப் வாங்கியதன் காரணம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் எடுக்கும் துப்பாக்கி வகுப்புக்கு வருகிறவர்களுக்குக் காபியும் டோனட்டும் என் செலவு. ஆறு வருஷமாக அப்படித்தான். பாப்டிஸ்ட் சபையின் பின்கூடத்தில் மடக்கு நாற்காலிகளை நானே விரிப்பேன், முடிந்ததும் நானே மடக்கி அடுக்குவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, டெபுடி பிளெவின்ஸ். கார்ல்டன் ஹாஸ்கின்ஸ் என்று ஓர் ஆளைப் பற்றி நீங்கள் காகிதத்தில் எழுதப்போகிறீர்கள். அவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டு எழுதினால் நல்லது.

நேற்று இதே ஷெரிப் ஆபீஸில் நீங்கள் என்னிடம் மிகவும் பண்பாக நடந்துகொண்டீர்கள். வாசல்வரை வந்தீர்கள், தோளில்கூடக் கை வைத்தீர்கள்.

"கேசு முடிஞ்ச மாதிரிதான் மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். உங்க வீடு. திருடன்னு நெனச்சீங்க. குரல் குடுத்தீங்க, துப்பாக்கிய இழுத்துச் சத்தமும் காட்டுனீங்க, எல்லாம் காமெராவுல இருக்கு. வந்தது மச்சான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாள் குழம்பிப்போச்சு, அவ்வளவுதான். வீட்டுக்குப் போங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கதவைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி இன்னொன்றும் சொன்னீர்கள்.

"ஆனா ஒண்ணு. ஆறு வருஷமா செமி, செமின்னு ஊருக்கே பாடம் எடுத்துட்டு, கடைசில டெல்மர் பேச்சக் கேட்டு பம்ப்தான வாங்குனீங்க? அந்தச் சத்தத்துக்கு மயங்காத ஆளு மிசௌரில ஒருத்தரும் கெடையாது போல."

அதனால்தான் இன்று நானாகவே வந்திருக்கிறேன். வக்கீல் வேண்டாம். அந்த டேப்பை ஓடவிடுங்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெடட்டும், ஆனால் முட்டாள் தவளை என்று பெயர் எடுத்துக்கொண்டு கெட எனக்கு இஷ்டமில்லை.

உங்களுக்குத் துப்பாக்கி தெரியும். இந்த டேப்பைக் கேட்கப்போகிற எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பம்ப் என்பது கையால் வேலை வாங்கும் ஷாட்கன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும், அப்போதுதான் அடுத்த தோட்டா ஏறும். செமிக்கு அந்தக் கூத்து இல்லை. விசையை இழுத்தால் சுடும், அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். மைதானத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகச் சுடும்போது இரண்டும் ஒன்றுதான். வீட்டுக்குள் திருடன் நிற்கும்போது கை நடுங்கும். நடுங்கும் கை முன்பிடியை முக்கால்வாசிதான் இழுக்கும், அடுத்த தோட்டா வராது, நீங்கள் ஒரு விலை உயர்ந்த தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். இதை நான் ஆறு வருஷமாக, மாதம் தவறாமல் சொல்லி வந்தேன். அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

கடைசி வரிசையில் டெல்மர் உட்கார்ந்திருப்பான். என் மனைவி நோரீனின் அண்ணன். முப்பத்தொரு வருஷம் மரம் அறுக்கும் ஆலையில் வேலை, காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்ளாமல். இரண்டு காதும் போய்விட்டது. காது மெஷின் இரண்டு வைத்திருந்தான், அவை வேறு விசில் அடிக்கும். செவிடர்களுக்கே உரிய அந்தப் பெரிய குரலில் நடுவில் எழுந்து கத்துவான்.

"மாப்ள, நீ என்ன வேணா சொல்லு. பம்ப்ப ஒரு இழு இழுத்தா போதும். க்ளக்-க்ளக்! அந்தச் சத்தத்தக் கேட்டா திருடன் கால்சட்டையிலயே போயிருவான். சுடவே வேணாம்யா!"

கூடம் முழுக்கச் சிரிக்கும். நான் புள்ளிவிவரம் சொல்வேன், கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்வேன், திருடன் போதையில் இருந்தால் இடிச் சத்தம்கூடக் கேட்காது என்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவன் வாயாலேயே க்ளக்-க்ளக் என்று மறுபடி செய்துகாட்டுவான், மறுபடி சிரிப்பு. வகுப்பு முடிந்து போகிறவர்கள் என் அட்டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, துப்பாக்கியும் தூண்டில் சாமானும் விற்கும் ராய்ஸ் கடைக்குப் போய் பம்ப் வாங்குவார்கள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் ராய்ஸ் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இதெல்லாம் எனக்குக் கோபமூட்டியது என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. நான் கோபக்காரன் இல்லை. தீவனக் கடையில் பதினேழு வருஷமாக மேலாளராக இருக்கிறேன், ஒரு வாடிக்கையாளரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நோரீனிடமும் உயர்த்தியதில்லை. அவள் மார்ச் மாதம் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனபோதுகூட, பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டது நான்தான்.

"நீங்க என்னைக்காவது ஒரு தடவ கத்தியிருந்தீங்கன்னா நான் இருந்திருப்பேன். நீங்க எப்பவும் சரியாவே இருக்கீங்க. உங்ககூட இருந்தா மூச்சு முட்டுது," என்றாள்.

சரியாக இருப்பது குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. டெல்மர் தன் வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தான். என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினான். அவனுக்கு என்மேல் இரக்கம். அந்த இரக்கத்தை நான் மறக்கவில்லை, அவ்வளவுதான். அவள் போனதில் எனக்கு வருத்தமில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு குறைந்தது, பாத்திரம் கழுவும் வேலையும் குறைந்தது.

பிறகு அவள் தன் தையல் மெஷினைக் கேட்டாள். அவள் அம்மாவுடையது, இரும்பில் வார்த்தது, பின் அறையில் இருந்தது. அண்ணன் வந்து எடுத்துப்போவான், நீங்கள் வேலையில் இருக்கும்போது வரட்டும், ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம் என்றாள். நியாயமான பேச்சு. நான் சம்மதித்தேன்.

மறுநாள் ராய்ஸ் கடைக்குப் போய் பம்ப் வாங்கினேன்.

ராய்ஸுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மீனுக்குப் போடும் புழு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"ஏய், யாரு வந்திருக்கான்னு பாருங்கடா! புரொபசரு பம்ப் கேக்குறாரு! டெல்மருக்குப் போனப் போடவா?"

"போடு. அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு சொல்லு," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கடினமான பொய் அதுதான். மற்றதெல்லாம் சுலபமாக வந்தது.

வியாழக்கிழமை மதியம் நடந்ததை நேற்றே சொன்னேன். கடையில் முட்டை சாண்ட்விச் வயிற்றைப் புரட்டியது, வீட்டுக்கு வந்தேன். டெல்மரின் வண்டி வீட்டுக்குப் பின்னால், சமையலறைக் கதவை ஒட்டி நின்றிருந்தது. பாரத்தை ஏற்ற அதுதான் வசதி. நான் முன்வாசல் வழியாக நுழைந்தேன், ஆகவே வண்டியைப் பார்க்கவில்லை. பின் அறையில் ஏதோ உருளும் சத்தம். நடையில் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். அலமாரியில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. செமி முன்னால், தோட்டா ஏறித் தயாராக. பம்ப் பின்னால். நான் செமியை நகர்த்திவிட்டு பம்ப்பை எடுத்தேன். இதை நீங்கள் நேற்று கேட்கவில்லை, பிளெவின்ஸ். கேட்டிருக்க வேண்டும்.

நடையில் நின்று முன்பிடியை இழுத்துத் தள்ளினேன். முழுசாக, பாடத்தில் சொல்வது போல. "யாரது? அசையாதே!" என்றேன். இரண்டு முறை. திரைச்சீலைகள் மூடியிருந்தன, வெளிச்சம் குறைவு. குனிந்திருந்த உருவம் நிமிர்ந்து திரும்பியது. கையில் நீளமாக, கறுப்பாக ஏதோ இருந்தது. மெஷினின் மிதிபலகை என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு தோட்டாதான். இரண்டாவதுக்குத் தேவை வரவில்லை. ஆகவே பம்ப்பா செமியா என்ற கேள்வி அந்த வகையில் இன்னும் தீராமல்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊர் என்னைத் தாங்கிய விதம் இருக்கிறதே! வாசலில் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு. பச்சை பீன்ஸ் கேசரோல் மட்டும் ஒன்பது. "பாவம், தன் கையாலயே மச்சானை..." என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடக்க ஆராதனைக்கு நான் வரலாமா என்று பாஸ்டரிடம் கேட்டபோது, வந்தே ஆகவேண்டும் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், டெல்மர் வழக்கமாக உட்காருமிடம். நோரீன் திரும்பிப் பார்க்கவில்லை.

பாஸ்டர் யான்சி நல்லவர். துக்க வீட்டில் கொஞ்சம் சிரிக்கவைத்தால் மனம் லேசாகும் என்று நம்புகிறவர்.

"நம்ம டெல்மருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஆனா ஒரு விவாதத்துல அவர் ஜெயிச்சிட்டுத்தான் போயிருக்காரு. துப்பாக்கி வாத்தியாரையே பம்ப் வாங்க வெச்சிட்டாரு!" என்றார்.

சபை அழுதுகொண்டே சிரித்தது. சிலர் திரும்பி என்னைப் பார்த்து ஆதரவாகத் தலையசைத்தார்கள். நானும் தலையசைத்தேன். நகம் உள்ளங்கையில் பதிந்து இரத்தம் வந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு நேற்று நீங்கள்.

கேளுங்கள், டெபுடி. ஊரில் எல்லோரும் பம்ப்பின் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தச் சத்தம் யாருக்கு என்று ஒருவனும் யோசிப்பதில்லை. திருடனுக்கு என்கிறான் டெல்மர். மடத்தனம். திருடனிடம் போய், நான் இங்கே நிற்கிறேன், இன்னும் தோட்டா ஏற்றவில்லை என்று தகவல் சொல்வதற்கு அவ்வளவு பெரிய சத்தம் எதற்கு? அந்தச் சத்தம் ஜூரிக்கு. கோர்ட்டில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து காமெராப் பதிவைக் கேட்பார்கள். செமியாக இருந்தால் அவர்கள் கேட்பது என்ன? பாதுகாப்புப் பொத்தானை நகர்த்தும் சத்தம் எறும்புக்குக்கூடக் கேட்காது. சும்மா நின்றவன் திடீரென்று சுட்டுவிட்டான் என்று தோன்றும். பம்ப் என்றால் க்ளக்-க்ளக். குழந்தைக்குக்கூடத் தெரிந்த சத்தம். இந்த மனிதர் எச்சரித்தார், அவகாசம் கொடுத்தார், வந்தவன் கேட்கவில்லை என்று பன்னிரண்டு பேரும் தலையாட்டுவார்கள். ஜூரிவரைக்கும்கூடப் போகவில்லை பாருங்கள். நீங்களே தலையாட்டிவிட்டீர்கள்.

நடையில் அந்தக் காமெராவை வைத்தது நோரீன், கிழட்டு நாயைக் கவனிக்க. நாய் போன பிறகும் காமெரா இருந்தது. அது சத்தத்தையும் பிடிக்கும் என்பதை அந்த வியாழக்கிழமைக்கு முந்தின வாரம் நான் மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். மூன்றாவது முறை அலமாரிக்கு அருகில் நின்றால்தான் தெளிவாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்தேன்.

இப்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, டேப் ஓடுகிறது.

டெல்மரின் காதில் மெஷின் இல்லாததைப் பற்றிக் கேட்டீர்கள். பாரம் தூக்கும்போது கழற்றி வைப்பது அவன் வழக்கம் என்று நான் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். மெஷின்கள் அன்று ஊரிலேயே இல்லை, நோரீனிடம் நீங்கள் அதைக் கேட்கவில்லை. சட்டைப்பையில் மறந்து விட்டிருக்கிறான், நோரீன் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டாள். பழுது பார்க்க ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போயிருந்தன. இதை யார் சொன்னது என்றால், நோரீன்தான், தையல் மெஷினுக்காகப் போன் செய்தபோது. சனி, வியாழன் என்று இரண்டு நாளும் பேச்சில் வந்ததாக அவள் உங்களிடம் சொன்னதைத்தானே நாள் குழப்பம் என்று எழுதினீர்கள்? குழப்பம் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"அடுத்த வாரம் சனிக்கிழம அண்ணன் வரட்டுங்களா? வெள்ளிக்கிழமதான் அதோட காது மெஷினு வருது. அது இல்லாம பக்கத்துல இடி விழுந்தாக்கூட அண்ணனுக்குத் தெரியாது. தனியா வெளிய அனுப்பவே எனக்குப் பயமா இருக்குங்க."

"வியாழக்கிழமயே வரச் சொல்லு நோரீன். அந்தச் சனிக்கிழம வகுப்ப மாத்தி வீட்டுலயே வெச்சிருக்கேன், நான் இருப்பேன்," என்றேன்.

அவள் நன்றி சொன்னாள். என்னோடு இருந்த பத்தொன்பது வருஷத்தில் அவள் அவ்வளவு மென்மையாகப் பேசிக் கேட்டதில்லை. அது மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. நான் வகுப்பெடுப்பது முதல் சனிக்கிழமை மட்டும்.

ஆகவே ரிப்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். டெல்மர் பேச்சைக் கேட்டு நான் பம்ப் வாங்கவில்லை. அந்தச் சத்தத்தை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. பாஸ்டரிடமும் ராய்ஸிடமும் இதைச் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும். கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? ஒரு நிமிஷம், கடைசி வரியாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டுப் பாதுகாப்புக்கு நான் இன்றைக்கும் சிபாரிசு செய்வது செமிதான்.