தங்கையின் கத்தரிச் செடிகள்

“என்ரை தங்கச்சியின்ரை கத்தரி பட்டுப்போகவேணும் எண்டு நான் கோயிலிலை கும்பிட்டனான்.”

சில ஆண்டுகளுக்கு முன், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையின் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தம் தோழியிடம் இதைச் சொன்னார். தங்கை நோர்வேயின் வடகோடியில் வசிக்கிறார் என்பதும், கண்ணாடிக் கொட்டிலுக்குள் கத்தரி வளர்த்து அவ்வூரின் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார் என்பதும் பேச்சிலிருந்தே தெரிந்தன.

“ஏனக்கா அப்பிடி?”

“ஒவ்வொரு நாளும் படம் அனுப்புவாள். வெளியிலை பனி, உள்ளை கத்தரிக்காய். இஞ்சை திரான்சியிலை என்ரை வீட்டுப் பல்கனியிலை ஒரு மிளகாய்கூடக் காய்க்கேல்லை. என்ரை மனுசன் வீட்டுக்கு வாற ஆக்களுக்கெல்லாம் அந்தப் படத்தைத்தான் காட்டுறார்.”

“பிறகு?”

“போன கிழமை அவளின்ரை ஹீட்டர் நிண்டுபோச்சு. எல்லாச் செடியும் விறைச்சுக் கருகிப்போச்சாம். போனிலை அழுதவள்.”

“அப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே?”

அவர் தம் கையிலிருந்த கத்தரி விதைப் பக்கெற்றுகளைத் தூக்கிக் காட்டினார்.

“திரும்பப் போட விதை வேணுமெண்டு என்னட்டைத்தானே கேட்டவள்,” என்றார், குரல் தணிந்து.

வரிசை நகர்ந்தது. பணம் கொடுக்குமிடத்தை அடைந்தபோது தோழியிடம் திரும்பிச் சொன்னார்:

“காய்ச்சால் படம் அனுப்பாதை எண்டும் விதையோடை ஒரு துண்டு எழுதி வைக்கப்போறன்.”