திங்கட்கிழமை வாயடைத்த கருவி

வெளியீட்டு விழாவுக்குக் குறித்த நேரத்தில் வந்துவிட்ட தலைவர் அவர்களே, அதை எதிர்பாராமல் திகைத்து நிற்கும் விழாக் குழுவினரே, முன்வரிசையில் மின்விசிறி இல்லை என்று கண்டு பின்வரிசைக்குப் பெருந்தன்மையோடு பெயர்ந்துவிட்ட பெரியோர்களே, சாப்பாடு எப்போது என்று இன்னும் கேட்காத தாய்மார்களே, வணக்கம்!

நாம் கூடியிருப்பது கடல் நீரோட்டத்தின் பெயர் தாங்கிய 'நீவாடு' நூலகத்துக்காக. புத்தகம் இல்லாத நூலகம். காற்றும் கடலும் முறுக்கிக்கொண்டால் கையிலுள்ள கருவியைக் கத்தவைக்கும் நிரல்களின் தொகுப்பு. திறமூலம் என்பதால் யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். எழுதியவர் இதோ மேடையில் இருக்கும் பெவின். ஐந்தாண்டாக யாரும் படிக்கவில்லை. ஆகவே யாரும் திருத்தவில்லை.

இந்த ஆண்டு, துபாயில் வேலை பார்க்கும் அனஸ் அங்கிருந்து இருபது கருவிகள் கொண்டுவந்தார். விலை குறைவு, வெளிச்சம் அதிகம், உள்ளே நாம் கேள்விப்படாத புதிய இயங்குதளம். நீவாடு அதில் ஓடவில்லை. மூன்று மாதம் முயன்று ஓடவைத்தவர் காயல்பட்டினத்து ஜஹ்ரா. சோதனைகளில் தேறியது. இந்த விழாவின் சுவரொட்டியும் அச்சேறியது.

ஒரு திங்கட்கிழமை ரோச் அண்ணாச்சி அந்தக் கருவியோடு கடலுக்குப் போனார். காற்று எழுந்தது. பக்கத்துப் படகில் ஜாக்சனின் பழைய போன் கத்தியது, கதறியது. ரோச்சின் கருவியோ கம்மென்று கிடந்தது.

"ஏலே, அந்தப் போனை அமத்து! என் மெஷின் எம்புட்டு அமைதியா இருக்கு பாரு!"

"மெஷினைப் பாக்காதியும் அண்ணாச்சி, வானத்தைப் பாரும்!"

பார்த்தார். படகில் இருந்த ஆறு பேரோடு கரை சேர்ந்தார். கைதட்டுகிறீர்களே, கருவிக்கா, ஜாக்சனுக்கா?

ஏன் ஊமையானது? ஜஹ்ரா நிரலை வரிவரியாகப் படித்தார். நீவாட்டின் முதல் வாசகர்! ஒரு வரி கிடைத்தது: வாரத்தின் முதல் நாள் எச்சரிக்காதே. பழைய இயங்குதளங்களுக்கு முதல் நாள் ஞாயிறு. புதியதற்குத் திங்கள்.

பெவினிடம் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எவன் கடலுக்குப் போவான்? பூசை நேரத்துல நூறு போனு கத்துனா சாமியாரு விடுவாரா?"

"எங்க வாப்பா போறாஹளே, அண்ணே!"

ஜஹ்ராவின் தந்தை ஜக்கரிய்யா சரக்குத் தோணி ஓட்டுபவர். ஐந்தாண்டாக ஞாயிறுகளில் நம் எச்சரிக்கை இல்லாமலே போய்த் திரும்பியிருக்கிறார்.

ஒரே ஒரு எண்ணை மாற்றினால் திங்கள் சிக்கல் தீர்ந்துவிடும்; ஞாயிறு ஊமையாகவே இருக்கும். ஜஹ்ரா அந்த வரியையே நீக்கி, எல்லா இயங்குதளங்களுக்கும் சேர்த்து அனுப்பினார். ஒப்புதல் தர வேண்டியவர் பெவின். பதினோரு நாளாக யோசிக்கிறார். ஆக, இந்த வெளியீட்டு விழாவில் வெளியிட இதுவரை ஒன்றுமில்லை.

அவையோரே, நாம் ஓய்ந்தால் காற்று ஓயுமா? நாம் மண்டியிட்டால் அலை மண்டியிடுமா? நமக்கு விடுமுறை என்றால் அடுத்தவர் ஆபத்துக்கும் விடுமுறையா? பூசையில் போன் கத்துமே என்கிறீர்கள். கத்தட்டும், பெவின்! கத்தினால் ஒரு வாசகம் நம் காதில் விழாது. கத்தாவிட்டால் ஒரு மனிதர் வீடு வந்து சேரமாட்டார்!

என்னம்மா அங்கே?

"ஏலே பெவின், இப்பமே அமுக்குல!"

நான் சொல்லவில்லை, ஐயா. அவரைப் பெற்ற அந்தோணியம்மாள் சொல்கிறார். பெவின் போனை எடுக்கிறார்... கண்ணாடியைத் தேடுகிறார்... ஒப்புதலை அமுக்கிவிட்டார்!

ஜஹ்ரா, வாப்பா நாளை தோணி எடுக்கிறாராமே. நாளை ஞாயிறு. கருவியை மறக்காமல் கையில் கொடுத்தனுப்புங்கள்.

பேச அழைத்தவர்களுக்கும், பெவினைப் பெற்றவருக்கும் நன்றி. ஏழு நாளும் எல்லோரும் நலமாகக் கரை சேர்க! வணக்கம்.