சத்தம் புகாத அறை

– முட்டை அட்டையை ஒட்டினாலே போதும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு அண்ணி. சத்தியமா. அவரு கூட வேலை பாக்கிறவர் ஒருத்தர் அப்படித்தான் வீட்டுல ரெக்கார்டிங் ரூம் கட்டினாராம்.

– முட்டைக்குப் போதும். மனுஷக் குரலுக்குப் போதாது. பலகையை மேல தூக்கு, சின்னவளே. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், அப்படியே புடி.

– எவ்வளவு நேரம்?

– எட்டு ஸ்க்ரூ.

– கை கழண்டுடும் அண்ணி. நீங்க தனியா எப்படித்தான் மத்த மூணு சுவரையும் முடிச்சீங்க?

– தலையால முட்டுக் குடுத்து. நிஜமாத்தான் சொல்றேன், உச்சந்தலையைப் பாரு, அத்தனையும் ஜிப்சம் மாவு. பக்கத்து வீட்டம்மா, என்னம்மா ஒரே வாரத்துல நரைச்சுப் போச்சுன்னு கேட்டாங்க.

– என்ன சொன்னீங்க?

– நாத்தனார் வரப் போறா, அந்தக் கவலைன்னேன். சிரிக்காத, பலகை ஆடுது.

– இருங்க இருங்க. அண்ணன் கூப்பிடுறாரு.

– கூப்பிடல.

– கேக்குது அண்ணி. ம்ம், ம்ம்னு…

– அது கூப்பிடுறது இல்ல. படுத்த நாள்லேர்ந்து அப்படித்தான். மூச்சு வெளிய வரும்போதெல்லாம் முனகலும் கூட வரும். அசந்து தூங்கினாலும் நிக்காது. வலி எதுவும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூளைல ரத்தம் கட்டினதால வந்தது, அவ்வளவுதான். நீ நேத்து வந்தவ. எனக்கு இது எட்டு மாசம்.

– அதான் சுவர் எழுப்புறீங்களா?

– என்ன சொன்ன?

– சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த ரூம்ல ஒரு மனுஷன் முனகிக்கிட்டுக் கிடக்கிறாரு. இந்த ரூம்ல நீங்க அவரு சத்தம் விழக் கூடாதுன்னு பலகை அடிக்கிறீங்க. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?

– ஸ்க்ரூவை எடு.

– கோவமா?

– எடுன்னா எடு. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு இல்லடி. மைக்குக்குக் கேக்கக் கூடாது. கண்ணு தெரியாத பசங்க கேட்டுப் படிக்கிறதுக்காக ஒரு வேதியியல் புத்தகம். மூணு தடவை வாசிச்சு அனுப்பினேன். மூணு தடவையும் திரும்பி வந்துச்சு. அதைப் பதிவு பண்ணி வெளியிடுற இடத்துல இருக்கிற சவுண்ட் இன்ஜினியர் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'பின்னாடி யாரோ அழுறாங்க, கவனிக்கவும்.' நான் அமிலம், காரம்னு வாசிச்சுக்கிட்டே போறேன், பின்னாடி உங்க அண்ணன் அழுறாராம்.

– ஐயோ.

– பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலாவது தடவையும் வாசிச்சிருப்பேன். அவன்தான், முதல்ல ஒரு ரூமைத் தயார் பண்ணுங்கம்மா, அப்புறம் பாக்கலாம்னுட்டான். அடுத்த ஸ்க்ரூ.

– இந்தாங்க. அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்.

– நோயாளிங்களை வச்சுப் பாத்துக்கிற இல்லத்துல அவருக்குக் கட்டில் சொல்லி வச்சிருக்க. அதானே?

– யாரு சொன்னா?

– உன் போனுதான். நேத்து நீ குளிக்கப் போனப்ப அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுத்தேன். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வண்டி வரும், பேஷண்டுக்கு ரெண்டு செட் துணி போதும்னான்.

– நான் சொல்லத்தான் இருந்தேன். சத்தியமா. நீங்க வேலைக்குப் போயே ஆகணும். போனா அண்ணனை யாரு பாத்துக்கிறது? ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு என்னால முடியுமா? நல்ல இடம்தான் அண்ணி. நானே போய்ப் பாத்தேன். கட்டில் பக்கத்துல ஜன்னல் இருக்கு.

– ஜன்னல் இங்கயும்தான் இருக்கு. கேளு. இந்த ரூம் தேறிட்டா எனக்கு வருஷம் பூரா வீட்டுலேயே வேலை. புத்தகம் புத்தகமா வாசிக்கலாம், நடுவுல எழுந்து போய் அவரைப் பாத்துக்கலாம். அவரு இங்கேயே இருப்பாரு. தேறலன்னா நான் வெளிய வேலை தேடணும். அவரு துணியை நானே மடிச்சுத் தரேன், கூட்டிக்கிட்டுப் போ. அவ்வளவுதான்.

– தேறுச்சா இல்லையான்னு யாரு சொல்றது?

– அந்த இன்ஜினியர்தான். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும். பேச்சில்லாம, அசைவில்லாம, வெறும் ரூமை மட்டும். லேப்டாப்பைப் பாரு. சிவப்புக் கோடு தெரியுதா? பச்சைக் கோடு அதுக்குக் கீழேயே படுத்துக் கிடக்கணும். ஒரு இடத்துல தலையைத் தூக்கினாலும் போச்சு.

– பலகைதான் முடிஞ்சுதே, இப்பவே பாத்துடலாமா?

– பாப்போம். கதவைச் சாத்திட்டு இப்படி நெருக்கி நில்லு. மூச்சை மெதுவா விடு. இப்ப.

– …

– …

– போதும். பாத்தியா? இங்க ஒரு மேடு. இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு.

– அண்ணனா?

– வேற யாரு? நாலு விநாடிக்கு ஒரு தடவை. கூடத்துக் கடிகாரத்தைக் கூட நம்ப முடியாது, உங்க அண்ணனை நம்பலாம்.

– இவ்வளவு அடைச்சும் எப்படித்தான் வருது?

– சத்தம் தண்ணி மாதிரி. ஊசி நுழையுற ஓட்டை இருந்தாலும் வந்துடும். சுவிட்ச் பெட்டி ஓரத்துல கையை வச்சுப் பாரு. காத்து வருதா?

– லேசா வருது.

– அதுதான் வழி. இதுக்கு நேர் பின்னாடி அவரு தலைமாட்டு பிளக். ரெண்டு பெட்டிக்கும் ஒரே ஓட்டையாப் போட்டு வச்சிருக்காங்க. ஓட்டையை அடைக்கிற சிலிக்கான் டியூப்பை எடு. கையைச் சொறியாத, பலகைக்குப் பின்னாடி அடைச்சது பஞ்சு இல்ல, கண்ணாடி இழை. சொறிஞ்சா இன்னும் உள்ள போகும்.

– அரிக்குது அண்ணி.

– எனக்கு ஒரு மாசமா அரிக்குது. போ, போய்க் கையைக் கழுவிட்டு, அவரைத் திருப்பிப் படுக்க வச்சுட்டு வா. ஒரே பக்கமாப் படுத்தா முதுகு புண்ணாயிடும். அதுக்குள்ள நான் இதை அடைச்சுடறேன்.

– சரி அண்ணி, இதோ போயிட்டு வந்துடறேன்.

– …

– …

– என்னடி இவ்வளவு நேரம்? அழுதியா?

– திருப்பிப் படுக்க வச்சேன். கையைப் புடிச்சுக்கிட்டாரு. விடவே மாட்டேன்னுட்டாரு. நாளைக்கு வண்டி வருதுண்ணான்னு சொன்னேன்.

– சொன்னியா? அவருகிட்டயேவா?

– சொல்லாம எப்படி? என் அண்ணன் அவரு. சந்தைல ஏலம் கூவினா மூணு தெரு தள்ளிக் கேக்கும். அந்தக் குரல் வந்தா மணி ஏழுன்னு நான் ஸ்கூலுக்குக் கிளம்புவேன். அந்த மனுஷன் வாயைத் திறந்து, போகலன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாம என் கையைப் போட்டு நசுக்கினாரு. விரல் விரலாப் பிரிச்சுட்டு வந்தேன் அண்ணி.

– அப்புறம்?

– முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாரு. முனகிக்கிட்டே.

– அழாத. இந்த டியூப்பைப் புடி. நானும் ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதது.

– சொல்லுங்க.

– முந்தாநேத்து இதுக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தேன். வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான். முனகல் பாதிக்கு மேல குறைஞ்சுது. எட்டு மாசத்துல முதல் தடவை. அவ்வளவு சுகமா இருந்துச்சு. இன்னும் குறையட்டும், ஒரேயடியா நிக்கட்டும்னு மனசுல ஓடுச்சு. ஓடின உடனே உடம்பெல்லாம் கூசிப் போச்சு. எழுந்து ஓடிப் போய் அவரு காலைப் புடிச்சுக்கிட்டேன். நீ அப்ப கேட்டது ஒண்ணும் தப்பில்ல.

– நான் ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு ஒரு நாளே தாங்கல. நீங்க எட்டு மாசம் இருந்திருக்கீங்க.

– இருந்துதான் ஆகணும். அவரு இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? மணி என்ன?

– நாலே முக்கால்.

– பிரிட்ஜை அணைச்சாச்சு. உன் போன்?

– அதையும் அணைச்சுட்டேன்.

– இந்த டியூப் லைட்டையும் அணை, இரையும். நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் திரையைப் பாத்துக்கறேன். நீ பின்னாடி அசையாம நில்லு. இந்தத் தடவை விட்டா இன்னொரு தடவைக்கு நேரம் இல்ல.

– தேறிடும் அண்ணி. சத்தியமா தேறிடும்.

– வாயை மூடு. இப்ப.

– …

– …

– …

– போதும். சின்னவளே. இங்க வா. இதைப் பாரு.

– கோடு படுத்துக் கிடக்கு!

– ஒரு மேடு இல்ல. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு மேடு இல்ல. அந்த ஓட்டைதான். அது ஒண்ணுதான் இத்தனை நாளா என் உயிரை எடுத்திருக்கு.

– அனுப்புங்க அண்ணி, அனுப்புங்க!

– அனுப்பிட்டேன். இரு, பதில் போடுறான். காத்துக்கிட்டே இருந்திருக்கான் போல.

– என்ன போட்டிருக்கான்? படிங்க.

– 'ரூம் அருமையா இருக்கும்மா. திங்கள்கிழமையே ஆரம்பிச்சுடலாம்.'

– ஐயோ அண்ணி! நில்லுங்க, முதல்ல போனை ஆன் பண்ணி வண்டிக்காரனுக்குச் சொல்லிடறேன். ஹலோ… ஆமாங்க, நான்தான். நாளைக்கு வண்டி வேண்டாங்க. இல்லங்க, தேதி மாத்தல, வேண்டவே வேண்டாம். எங்க அண்ணன் வீட்டுலேயே இருப்பாரு. வைக்கிறேன்.

– அழாதடி. நீ அழுதா நானும் அழுவேன்.

– நான் போய் அண்ணன்கிட்டச் சொல்லிட்டு வரட்டுமா? பாவம், கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு.

– ரெண்டு பேரும் போவோம். இரு, இந்த ஹெட்போனைக் கழட்டிக்கிறேன். ஆமா, கதவை இந்தத் தடவை எப்படிச் சாத்தின? இடுப்பால நெட்டித் தள்ளினியா? திங்கள்கிழமைலேர்ந்து அதே மாதிரி சாத்தணும், அதான் கேக்கிறேன்.

– கதவா? நான் எங்க சாத்தினேன்? மீதிப் பலகை நடுவுல இடிச்சுது, அதை நகத்தறதுக்குள்ள நீங்க இப்பன்னுட்டீங்க. அசையக் கூடாதுன்னு கண்ணை இறுக்க மூடி வேண்டிக்கிட்டே நின்னுட்டேன். அப்பலேர்ந்து கதவு திறந்துதானே அண்ணி கிடக்கு.